வொய் டோன்ட் வீ, ஹவ் அபவுட், ஷேல் வீ: இங்கிலீஷ்ல கேள்வி கேட்டே யோசனை சொல்றது எப்படி

இங்கிலீஷ்ல யாராவது உங்ககிட்ட "வொய் டோன்ட் வீ டேக் எ பிரேக்?"னு கேட்டா அவங்களுக்கு காரணம் எதுவும் தேவையில்ல. நாம ஏன் இன்னும் பிரேக் எடுக்கலன்னு அவங்க விசாரிக்கல, வாங்க கொஞ்ச நேரம் ஓய்வெடுக்கலாம்னு கூப்பிடுறாங்க. பாக்க கேள்வி, கடைசில கேள்விக்குறி வேற இருக்கு, ஆனா அது செய்ற வேலை யோசனை சொல்றது. இத நிஜக் கேள்வின்னு எடுத்துக்கிட்டு "பிகாஸ் வீ ஆர் பிஸி"ன்னு பதில் சொன்னா, பிரியமா கூப்பிட்டவங்கள வெடுக்குன்னு வெட்டிவிட்ட மாதிரி ஆயிடும்.

ஏன் நேரா சொல்லாம கேள்வியா சொல்றாங்கன்னா, "டேக் எ பிரேக்"னு மட்டும் சொன்னா அது உத்தரவு. "லெட்ஸ் டேக் எ பிரேக்"னு சொன்னா இதமா இருக்கும், ஆனாலும் முடிவு எடுத்தாச்சு நீயும் வாங்கிற தொனி அதுல கொஞ்சம் இருக்கு. கேள்வியா வச்சா மட்டும்தான் எதிர்ல இருக்கறவங்க வேணாம்னு சொல்றதுக்கும் இடம் கிடைக்குது. நம்ம பேச்சுலயும் இதே கதைதான், போ, போலாம், போலாமா இந்த மூணுக்கும் உள்ள வித்தியாசத்த யாரும் நமக்கு பாடம் எடுக்கல, தானா தெரியும். ஆனா அந்த "லாமா" ஒண்ணு போதும் நமக்கு, இங்கிலீஷ்ல அதுக்கு நாலஞ்சு கேள்வித் தொடர் இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி வெர்ப் வேற வேற உருவத்துல வரும், நம்மாளுங்க தடுக்கி விழுற இடம் அதுதான். சொல்றது ஒண்ணு, சொல்றதால நடக்குற வேலை இன்னொண்ணு, இந்த மாதிரி பேச்ச மறைமுகப் பேச்சுச் செயல்னு சொல்வாங்க, தத்துவ அறிஞர் ஜான் சேர்ல் 1975ல இத பத்தி விரிவா எழுதியிருக்கார். அந்த ஆழத்துக்கு இப்ப போக வேண்டாம், எந்தத் தொடர எப்படி கட்டுறது, எங்க சொல்றதுன்னு மட்டும் பாப்போம்.

முதல்ல "வொய் டோன்ட்". இதோட அமைப்பு ரொம்ப எளிசு, வொய் டோன்ட், அப்புறம் யாருங்கிறது, அப்புறம் வெறும் வெர்ப். வெறும் வெர்ப்னா டிக்ஷனரில எப்படி இருக்குமோ அப்படியே, கோ, வாட்ச், கால், ட்ரை. முன்னாடி "டு" கிடையாது, பின்னாடி "இங்" கிடையாது, பாஸ்ட் டென்ஸும் கிடையாது. "வொய் டோன்ட் வீ வாட்ச் எ மூவி?" சரி. "வொய் டோன்ட் வீ வாட்சிங் எ மூவி"யும் "வொய் டோன்ட் வீ டு வாட்ச் எ மூவி"யும் தப்பு. காரணம் இருக்கு, அந்த "டோன்ட்"டுக்குள்ள இருக்கற "டூ" ஏற்கனவே டென்ஸ் சுமைய தூக்கிருச்சு, அதனால மெயின் வெர்ப்ல எதுவும் ஒட்டாது. ஐ டோன்ட் கோன்னு சொல்றப்ப எப்படி "கோ" வெறுமனே நிக்குதோ அதே விதிதான் இங்கயும்.

நடுவுல யார போடுறீங்கங்கிறத பொறுத்து அர்த்தம் மாறும். "வீ" போட்டா சேர்ந்து செய்யலாம்ங்கிற யோசனை. "யூ" போட்டா அறிவுரை, "வொய் டோன்ட் யூ ஆஸ்க் யுவர் டீச்சர்?"னா உங்க டீச்சர்கிட்ட கேட்டுப் பாருங்களேன். "ஐ" போட்டா உதவி செய்ய முன்வர்றது, "வொய் டோன்ட் ஐ டிரைவ்?"னா வேணும்னா நான் ஓட்டட்டுமா. இந்த "வொய் டோன்ட் ஐ" நம்ம ஊர் இங்கிலீஷ் கிளாஸ்ல பெரும்பாலும் சொல்லித் தர்றதே இல்ல, ஆனா இங்கிலீஷ தாய்மொழியா பேசுறவங்க சகஜமா சொல்வாங்க, முதல் தடவ கேக்குறப்ப இவரு ஏன் தன்னையே கேள்வி கேட்டுக்கிறாருன்னு தோணும், அதனால தெரிஞ்சு வச்சுக்கறது நல்லது.

இதே "வொய் டோன்ட் யூ" நிஜமான கேள்வியாவும் வரும், அத எப்படி பிரிக்கிறதுன்னு கேட்டா ரெண்டு மூணு அடையாளம் இருக்கு. "வொய் டோன்ட் யூ கம் ஹியர் டுமாரோ?"ல டுமாரோ இருக்கு, இனிமே நடக்கப்போற விஷயம், அதனால யோசனை. "வொய் டோன்ட் யூ கம் ஹியர் எனிமோர்?"ல எனிமோர் இருக்கு, ஏன் இப்பெல்லாம் இந்தப் பக்கம் வர்றதே இல்லன்னு நிஜமாவே காரணம் கேக்குறாங்க, இதுக்கு "பிகாஸ்" போட்டு பதில் சொல்லலாம், தப்பில்ல. இன்னொரு அடையாளம் வெர்ப்லயே இருக்கு. நாம நினைச்சா செய்யக்கூடிய காரியமா இருந்தா அது யோசனையா இருக்க வாய்ப்பு, லைக், நோ (தெரிஞ்சிருக்கறது), அண்டர்ஸ்டாண்ட் மாதிரி நம்ம இஷ்டத்துக்கு செய்ய முடியாத வெர்ப் வந்தா அது கேள்விதான். "வொய் டோன்ட் யூ லைக் ஹிம்?"னா அவர புடிக்க ஆரம்பிங்கன்னு யோசனை சொல்லல, ஏன் புடிக்கலன்னு கேக்குறாங்க. நேரமும் காட்டாம வெர்ப்பும் காட்டிக்கொடுக்காம இருக்கற வாக்கியம் நிறைய உண்டு, அப்ப பேசுறவங்க குரலும் சூழலும்தான் சொல்லும்.

இந்த இடத்துல எனக்கு ரொம்ப புடிச்ச ஒரு விஷயத்த சொல்லியே ஆகணும். "பீ" வெர்ப்ப கேள்வில கொண்டுவர்றப்ப "டூ" வராதுன்னு படிச்சிருப்போம், "வொய் ஆர் யூ லேட்?", "வொய் ஆரன்ட் யூ ரெடி?" இப்படித்தான் வரும். ஆனா யோசனை சொல்றப்ப மட்டும் "வொய் டோன்ட் யூ பீ த கேப்டன்?"னு சொல்லலாம், அது சரியான இங்கிலீஷ். நீயே கேப்டனா இருந்துக்கோயேன்னு அர்த்தம். அதையே "வொய் ஆரன்ட் யூ த கேப்டன்?"னு மாத்தினா, நீ ஏன் கேப்டனா இல்லன்னு காரணம் கேக்குற கேள்வியா ஆயிடும், யோசனைங்கிற அர்த்தமே காணாம போயிடும். பாருங்க, ஒரு சின்ன "பீ" எவ்வளவு காட்டிக்கொடுக்குது. இந்த "வொய் டோன்ட்" வெறும் கேள்விய கொஞ்சம் திருப்பி போட்டது இல்ல, யோசனை சொல்றதுக்குன்னே மொழிக்குள்ள தனியா உறைஞ்சுபோன ஒரு அமைப்புங்கிறதுக்கு இதவிட நல்ல சாட்சி கிடையாது. இதனாலதான் இத தொட்டு மாத்தவும் முடியாது. "டோன்ட்"ட பிரிச்சு "வொய் டூ வீ நாட் கோ?"ன்னு எழுதினா அது காரணம் கேக்குற கனமான கேள்வி. "டிடன்ட்" ஆக்கி "வொய் டிடன்ட் யூ கால் மீ?"ன்னா அது ஏன் கூப்பிடலன்னு குறை சொல்றது, நடந்து முடிஞ்சதுக்கு யோசனை சொல்ல முடியாதுல்ல. "வொய் கான்ட் வீ கோ?"ன்னா என்ன தடுக்குதுன்னு முறையிடுற மாதிரி இருக்கும். நம்மள்ல நிறைய பேர் ஏன் போகக்கூடாதுன்னு மனசுல யோசிச்சு அத அப்படியே "வொய் கான்ட்"னு கொண்டுவருவாங்க, ஆசையா சொல்ல வந்தது புகாரா போய் சேரும். "வொய் டோன்ட்"டே போதும்.

அடுத்தது "வொய் நாட்". இது இன்னும் சுருக்கம், இதுல ஆளே கிடையாது, வொய் நாட், உடனே வெறும் வெர்ப். "வொய் நாட் ஆஸ்க் ஹெர்?", "வொய் நாட் டேக் த ட்ரெயின்?" அவ்வளவுதான். "வொய் நாட் வீ கோ"ன்னு நிறைய பேர் சொல்றாங்க, நடுவுல "வீ" வராது, "வீ" வேணும்னா "வொய் டோன்ட் வீ"க்கு போயிடணும். ஆள் இல்லாததால பொதுவா எல்லாருக்கும் சொல்ற யோசனைக்கு இது நல்லா பொருந்தும், விளம்பரத்துல எல்லாம் இது அடிக்கடி வர்றதுக்கு அதுவும் ஒரு காரணம். இதுல "நாட்"ட எடுத்துட்டா அர்த்தம் அப்படியே தலைகீழா மாறிடும், "வொய் ஆஸ்க் ஹெர்?"னா அவங்ககிட்ட கேட்டு என்ன ஆகப்போகுது, விடுங்க. "வொய் வொரி?"ன்னு சொல்றது ஏன் கவலப்படணும், தேவையே இல்லன்னுதான். ஆக "நாட்" இருந்தா செய்யச் சொல்றது, "நாட்" இல்லன்னா வேணாம்னு சொல்றது, நம்ம எதிர்பார்ப்புக்கு நேர் எதிரா இருக்கறதால கேக்குறப்ப கவனம் வேணும். இன்னொண்ணு, யாராவது யோசனை சொல்றப்ப நீங்க தனியா "வொய் நாட்?"ன்னு மட்டும் சொன்னா அது ஒத்துக்கிட்டதா அர்த்தம், செஞ்சா போச்சுன்னு சொல்ற மாதிரி.

இப்ப "ஹவ் அபவுட்". இதுலதான் அதிகமா தப்பு நடக்குது, ஆனா காரணம் புரிஞ்சுட்டா தப்பே வராது. "அபவுட்"ங்கிறது ஒரு ப்ரிபொசிஷன். ப்ரிபொசிஷனுக்கு பின்னாடி பெயர்ச்சொல்தான் வரும், வெர்ப் வரணும்னா அது "இங்" சேர்த்து பெயர்ச்சொல் மாதிரி மாறிட்டுத்தான் வரணும். "ஹவ் அபவுட் எ வாக்?"ல வாக் பெயர்ச்சொல், நேரா வந்துருச்சு. "ஹவ் அபவுட் கோயிங் ஃபார் எ வாக்?"ல வெர்ப், அதனால கோயிங். "ஹவ் அபவுட் டு கோ" கண்டிப்பா தப்பு. தேங்க்யூ ஃபார் கமிங்னு சொல்றோமே, அங்கயும் இதே விதிதான், ஃபார் வந்ததால கமிங், தேங்க்யூ ஃபார் டு கம்னு யாரும் சொல்றதில்ல, அந்தக் காது இங்கயும் உதவும்.

ஆனா பேச்சுல இன்னொரு வடிவமும் ரொம்ப புழங்குது, "ஹவ் அபவுட் வீ மீட் அட் சிக்ஸ்?" அதாவது அபவுட்டுக்கு பின்னாடி முழு வாக்கியமே வர்றது. இது முழுக்க பேச்சு வழக்கு, நண்பர்களுக்குள்ள தாராளமா சொல்லலாம், பரீட்சைலயோ ஆபீஸ் கடிதத்துலயோ மட்டும் "இங்" வடிவத்தையே எழுதுங்க, ஏன்னா கண்டிப்பான ஆளுங்க இத ஏத்துக்க மாட்டாங்க. இதுல வர்ற வெர்ப் ப்ரெசன்ட்லதான் இருக்கணும், நாளைக்கு நடக்கப்போறதா இருந்தாலும் "ஹவ் அபவுட் வீ மீட் டுமாரோ"தான், "வீ வில் மீட்" கிடையாது. வேணாம்னு யோசனை சொல்லவும் இது வசதி, "ஹவ் அபவுட் வீ டோன்ட் டெல் ஹிம் யெட்?"னா இப்போதைக்கு அவர்கிட்ட சொல்லாம இருப்போமா. "வொய் டோன்ட்"ல ஏற்கனவே ஒரு நாட் உள்ள இருக்கறதால அதுல இந்த மாதிரி எதிர்மறை யோசனை சொல்றது கஷ்டம், சுத்தி வளைக்கும்.

"வாட் அபவுட்"டும் கிட்டத்தட்ட இதே அமைப்புதான், பெயர்ச்சொல் இல்லன்னா "இங்". "வாட் அபவுட் சண்டே?"ன்னா ஞாயித்துக்கிழம எப்படி, ஒத்துவருமா. ஆனா "வாட் அபவுட்"டுக்கு இன்னொரு முகம் இருக்கு, ஒரு தடைய ஞாபகப்படுத்துறது. எல்லாரும் டூர் போலாம்னு திட்டம் போட்டுக்கிட்டு இருக்கப்ப ஒருத்தர் "வாட் அபவுட் த எக்ஸாம்?"னு கேட்டா பரீட்சை எழுதலாம்னு யோசனை சொல்லல, பரீட்சை இருக்கே அதுக்கு என்ன பண்றதுன்னு கேக்குறார். அந்த இடத்துல "ஹவ் அபவுட் த எக்ஸாம்?" ஒட்டாது. அதனால யோசனைன்னா "ஹவ் அபவுட்", ஞாபகப்படுத்தணும்னா "வாட் அபவுட்"னு பழக்கிக்கிட்டா குழப்பமே வராது, இது என்னோட சிபாரிசு. பதிலுக்கு நலம் விசாரிக்கிறப்ப மட்டும் "ஹவ் அபவுட் யூ", "வாட் அபவுட் யூ" எதுவேணாலும் சொல்லலாம்.

"ஷேல் வீ" நமக்கு ரொம்ப பழக்கமானது. "ஷேல் வீ கோ?"ன்னா போலாமா. ஷேல் பின்னாடி வெறும் வெர்ப். ஐ, வீ ரெண்டோட மட்டும்தான் இந்த வேலைய செய்யும், "ஷேல் யூ கம்"னு கேக்கக்கூடாது. "ஷேல் ஐ ஓப்பன் த விண்டோ?"ன்னா நான் தொறக்கட்டுமான்னு அனுமதியோட கலந்த உதவி. இது பிரிட்டிஷ் இங்கிலீஷ்ல சகஜம், அமெரிக்காவுல கொஞ்சம் பழைய மிடுக்கான சொல்லா தெரியும், அங்க "ஷுட் வீ", "டூ யூ வான்ட் டு" மாதிரி சொல்றது அதிகம். இதுக்கு ஆமான்னு சொல்ல "யெஸ், லெட்ஸ்"னு சொன்னா போதும், "யெஸ், வீ ஷேல்"னு சொன்னா ஏதோ சபதம் எடுக்குற மாதிரி இருக்கும். வேணாம்னா "நோ, லெட்ஸ் நாட்". லெட்ஸோட வால்ல கூட இது வந்து ஒட்டும், "லெட்ஸ் ஸ்டார்ட், ஷேல் வீ?" லெட்ஸுக்கு டேக் கொஸ்டின், அதாவது வாக்கியத்தோட கடைசில ஒட்டுற குட்டிக் கேள்வி, எப்பவும் ஷேல் வீதான், பரீட்சைல இது அடிக்கடி வரும்.

இன்னும் சிலது இருக்கு, சுருக்கமா சொல்லிடறேன். "டூ யூ வான்ட் டு வாட்ச் சம்திங்?" ரொம்ப சாதாரணமா எல்லா இடத்துலயும் ஓடும், இதுல "டு" உண்டு. பிரிட்டன்ல "டூ யூ ஃபேன்ஸி"ன்னு கேப்பாங்க, ஃபேன்ஸி பின்னாடி "இங்" வரும், இல்லன்னா பெயர்ச்சொல் வரும், சில சமயம் முன்னாடி இருக்கறத எல்லாம் முழுங்கிட்டு "ஃபேன்ஸி எ வாக்?"னு மட்டும் வரும். "வாட் டூ யூ சே டு கோயிங் அவுட்?"ல "டு" வந்தும் பின்னாடி கோயிங் வந்திருக்கு பாருங்க, அந்த "டு" வெர்ப்போட சேந்த "டு" இல்ல, அபவுட் மாதிரி ஒரு ப்ரிபொசிஷன், அதான்.

காதுல விழுறது எழுத்துல இருக்கற மாதிரி இருக்காதுங்கிறதையும் சொல்லணும். வேகமா பேசுறப்ப "டோன்ட் வீ"ல இருக்கற "ட்" கரைஞ்சு "வொய்டோன்வீ"ன்னு ஒரே சொல்லா கேக்கும், "டோன்ட் யூ" சேர்ந்து "டோன்ச்சு"ன்னு ஆயிடும், "ஹவ் அபவுட்" சில பேர் வாயில "ஹவ்பௌட்"னு சுருங்கும். தனித்தனி வார்த்தையா எதிர்பாத்துக்கிட்டு இருந்தா பிடிபடாது, ஒட்டுமொத்தமா ஒரு ஓசையா பழகிட்டா உடனே பிடிபடும்.

பதில் சொல்றதுல பாதிப் பேச்சு இருக்கு. ஒத்துக்கிட்டா "சவுண்ட்ஸ் குட்", "குட் ஐடியா", "ஷுர்", "யெஸ், லெட்ஸ்", இதுல எது வேணாலும். மறுக்குறப்பதான் பக்குவம் தேவை, வெறும் "நோ"வ தூக்கிப் போட்டா கடுமையா இருக்கும், அதனால சின்னதா ஒரு காரணம், கூடவே ஒரு மாத்து யோசனை. "ஐட் லவ் டு, பட் ஐயாம் எ பிட் டயர்ட், ஹவ் அபவுட் டுமாரோ?" இந்த மாதிரி சொன்னா மறுத்த மாதிரியும் இருக்காது, பேச்சும் அறுந்து போகாது. உண்மையான பேச்சுல இந்தத் தொடர்கள் இப்படித்தான் மாறி மாறி வரும், ஒருத்தர் "ஷேல் வீ கோ டு த பார்க்?"ன்னு ஆரம்பிப்பார், மத்தவர் "இட்ஸ் ரெய்னிங், வொய் டோன்ட் வீ ஸ்டே இன்?"னு சொல்வார், முதல்ல கேட்டவர் "ஓகே, ஹவ் அபவுட் எ மூவி தென்?"னு போவார், அந்தப் பக்கம் "வொய் நாட்?"னு முடியும். நாலு வரில நாலு வடிவம்.

யார்கிட்ட சொல்றோம்ங்கிறதும் முக்கியம். இது எல்லாமே பழகினவங்களுக்குள்ள பேசுற பேச்சு. மேலதிகாரிகிட்ட போய் "வொய் டோன்ட் யூ சேஞ்ச் த டேட்?"னு சொன்னா இலக்கணப்படி ஒரு குறையும் இல்ல, ஆனா அவருக்கே புத்தி சொல்ற மாதிரி கேக்கும். "யூ"வ எடுத்துட்டு "வீ"க்கு மாத்துங்க, "வொய்"ய விட்டுட்டு, முடியுமாங்கிற அர்த்தத்துல வர்ற "குட்"ட பிடிங்க, "குட் வீ சேஞ்ச் த டேட்?", "பெர்ஹேப்ஸ் வீ குட் சேஞ்ச் த டேட்" இந்த மாதிரி. அதே மேலதிகாரி உங்ககிட்ட "வொய் டோன்ட் யூ செண்ட் மீ த ஃபைல் டுடே?"னு சொன்னா, அது யோசனை வடிவத்துல வந்த வேலை, அனுப்பிடுங்க.

கடைசியா, இந்த யோசனைய வேற ஒருத்தர்கிட்ட எடுத்துச் சொல்றப்ப எப்படி சொல்றது. அங்க "சஜஸ்ட்" வரும், அதுக்கு பின்னாடி "இங்" இல்லன்னா தட் போட்ட வாக்கியம். "ஹி சஜஸ்டட் டேக்கிங் எ பிரேக்", "ஹி சஜஸ்டட் தட் வீ டேக் எ பிரேக்" ரெண்டும் சரி. "ஹி சஜஸ்டட் மீ டு டேக் எ பிரேக்" தப்பு, நம்ம பக்கம் நிறைய பேர் டெல், ஆஸ்க், அட்வைஸ் இதுங்க எல்லாத்துக்கும் பின்னாடி "மீ டு" வர்றத பாத்துட்டு சஜஸ்ட்டுக்கும் அப்படியே போட்டுடுவாங்க, அதுக்கு மட்டும் ஒத்துக்காது. "ஹி சஜஸ்டட் தட் ஷீ கோ"ன்னு வர்றப்ப "ஷீ கோஸ்"னு இல்லாம "கோ"ன்னே நிக்கிறத பாத்து அச்சுப்பிழைன்னு நினைக்காதீங்க, அது சரிதான், "ஷீ ஷுட் கோ"ன்னும் எழுதலாம்.